ஞானப்பல் கேள்வி-பதில்: அந்த ரத்தக்கட்டியை விட்டுவிடுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஞானப்பல் பற்றியவைதான். ஆனால் பலர் மேல் பல்லா கீழ்ப் பல்லா என்றுகூடச் சொல்லவில்லை. பல் எடுத்து எத்தனை நாள் ஆகிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், புகைப்பழக்கம் உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இவை தெரியாமல் நான் சொல்லும் பதில் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

பல் எடுத்து இரண்டு நாள் ஆகிறது. நேற்றைவிட இன்று கன்னம் அதிகமாக வீங்கியிருக்கிறது. ஏதோ தவறாகிவிட்டதா?

இல்லை. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், அப்புறம் வடியும். முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடம் வைத்து, இருபது நிமிடம் எடுங்கள். அதன் பிறகு இளஞ்சூட்டு ஒத்தடம் போதும். நான்காம் நாளும் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

காலையில் பல் எடுத்தேன். அடிக்கடி துப்புகிறேன், கொப்பளிக்கிறேன். ரத்தம் நிற்கவே இல்லை.

துப்புவதால்தான் நிற்கவில்லை. குழியில் உறைகிற ரத்தக்கட்டிதான் உங்கள் காயத்துக்குக் கட்டு. ஒவ்வொரு முறை துப்பும்போதும் அதைப் பிய்த்து எடுக்கிறீர்கள். சுத்தமான காஸ் துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து, நாற்பது நிமிடம் அழுத்திக் கடியுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் கடித்ததற்கே பலனில்லை. எச்சில் இளஞ்சிவப்பாக வருவது முதல் நாள் இயல்பு. ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைய எச்சிலில் கலந்தால் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். இரண்டு முறை ஒழுங்காகக் கடித்த பிறகும் வாய் ரத்தத்தால் நிரம்பினால் உடனே போங்கள்.

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்க வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து, தானாக வழிய விடுங்கள். துப்பாதீர்கள். ஸ்ட்ராவும் வேண்டாம்.

மூன்று நாள் நன்றாக இருந்தேன். இப்போது காது வரை குத்துகிறது, வாயில் நாற்றம். ஆன்டிபயாடிக் மாற்ற வேண்டுமா?

மாற்றுவதால் பயனிருக்காது. நீங்கள் சொல்வது ட்ரை சாக்கெட் போலத்தான் இருக்கிறது. ரத்தக்கட்டி போய்விட்டதால் எலும்பு திறந்து கிடக்கிறது. கீழ் ஞானப்பல்லில்தான் இது அதிகம். புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகம். நீங்கள் புகைப்பீர்களா என்று எழுதவில்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். பல் எடுத்தவரிடமே போங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே வலி குறைந்துவிடும். குணமாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

குழியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சீழா? பஞ்சுக் குச்சியால் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை.

வராதது நல்லதாயிற்று. அது ஆறுகிற காயத்தின் மேல் படரும் படலம். தொடாதீர்கள்.

என் கீழ் ஞானப்பல் பாதிதான் வெளியே தெரிகிறது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஈறு வீங்கும். வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் சாப்பிட்டால் அடங்கிவிடும். இப்படியே சமாளித்துவிடலாமா?

இந்தக் கேள்வி எனக்கு மாதந்தோறும் வருகிறது. ஒவ்வொரு முறையும் படிக்கும்போது மனசு பதறுகிறது. சமாளிக்க முடியாது.

பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடிபோல் கிடக்கிறது. அதன் அடியில் உணவுத்துகள் போய்ச் சேரும், பிரஷ் போகாது. கிருமிக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. மாத்திரை அந்த ஒரு முறை வீக்கத்தை அடக்கலாம். மூடி அங்கேதான் இருக்கிறது, பல்லும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த முறை வரத்தான் செய்யும். யாருக்கோ, எதற்கோ எழுதிக்கொடுத்து மீந்த மாத்திரையைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, அந்த மருந்துக்கு அசையாத கிருமிகளை வாய்க்குள்ளேயே வளர்க்கிறீர்கள்.

ஒரு பெண் இப்படித்தான் ஓராண்டு ஓட்டிவிட்டு என்னிடம் வந்தார். வயது முப்பதுக்குள்தான். சாதாரணமாக வாய் மூன்று விரல் நுழையும் அளவு திறக்கும். அவருக்கு ஒரு விரல்கூடச் சரியாக நுழையவில்லை. தாடைக்கு அடியில் தொட்டால் மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் கைக்குட்டையை வாயோரம் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பல் நாற்காலியில் சாய்க்கவே இல்லை. சாய்த்தால் மூச்சு அடைபடும் நிலை. நேராகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். கழுத்தில் கீறிச் சீழ் எடுத்தார்கள். பிழைத்தார். பிறகு ஞானப்பல்லோடு அதற்கு முந்தைய பல்லையும் எடுக்க வேண்டியதாயிற்று. நன்றாக இருந்த பல் அது. ஞானப்பல் இடித்துக்கொண்டிருந்த பின்பக்கம் முழுக்கச் சொத்தை.

அதனால் வீக்கம் அடங்கியிருக்கும் இந்த நேரத்தில் ஓபிஜி (தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும்) எக்ஸ்ரே எடுத்துக் காட்டுங்கள். வலி இல்லாத காலம்தான் பல் எடுக்க வசதியான காலம். மரப்பு ஊசி நன்றாகப் பிடிக்கும், வாய் முழுதாகத் திறக்கும். மீந்த மாத்திரையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்காமை, விழுங்க முடியாமை, குரல் மாற்றம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு என்று பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மேல் ஞானப்பல்லை எடுத்தால் கண் பார்வை மங்குமா?

மங்காது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மேல் பல் எடுத்தவர்கள் கவனிக்க வேண்டியது அதன் வேருக்கு மேலே இருக்கும் காற்றறையை, அதாவது சைனஸை. மருத்துவர் சொல்லும்வரை மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

வயது 24. வலி எதுவும் இல்லை. முன்பற்கள் கோணிவிடும் என்று நான்கு ஞானப்பற்களையும் எடுக்கச் சொல்கிறார்கள்.

முன்பல் நெரிசலுக்கு ஞானப்பல்தான் காரணம் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காக எடுக்க வேண்டாம். நோய் இல்லாத, புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கத் தேவையில்லை என்று பிரிட்டனில் சிகிச்சை வழிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. எல்லா நாட்டு மருத்துவர்களும் இதில் ஒரே கருத்துடையவர்கள் அல்ல. ஆனால் சொத்தை, நீர்க்கட்டி, திரும்பத் திரும்ப வரும் ஈறு வீக்கம் எதுவும் இல்லையென்றால் அவ்வப்போது எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம்.

அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். பல் எடுக்க நான்கு நாள் முன்பே நிறுத்திவிட்டோம். சரிதானே?

யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? இதைப் படித்ததும் அந்த மாத்திரையை எழுதிய மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். பல் எடுத்த குழியில் ரத்தம் வந்தால் அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். மூளையில் அடைப்பு வந்தால் அப்படி முடியாது. பல நேரங்களில் நிறுத்தாமலேயே பல் எடுக்கிறோம். எலும்பு மெலிவு நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும்; தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

வலி மாத்திரையை எப்போது போடுவது?

மரப்பு முழுதாகத் தெளியும் முன்பே. வலி ஏறிய பிறகு அடக்குவது கஷ்டம். ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்தால் நன்றாகக் கேட்கும், ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் ஐபுபுரூஃபன் வேண்டாம். வலிக்காக ஆஸ்பிரின் போடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும். எந்த மாத்திரையையும் ஈறின் மேல் வைத்துக் கரைய விடாதீர்கள், அந்த இடம் வெந்துவிடும்.

கீழ்ப் பல் எடுத்துப் பத்து நாளாகியும் பாதி உதடு மரத்தே இருக்கிறது.

கீழ்த்தாடை நரம்பு பல்லின் வேரை ஒட்டியே ஓடுகிறது, அது சற்று நசுங்கியிருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பிவிடும். வெகு சிலருக்கு மட்டும் நிலைத்துவிடுகிறது. ஆனால் பத்து நாள் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாது, இன்றே சொல்லுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கண்ணாடி முன் நின்று பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்து, மரத்த இடத்தின் எல்லையைப் பேனாவால் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். அந்த எல்லை சுருங்குகிறதா என்பதைத்தான் மருத்துவர் முதலில் பார்ப்பார். அதுவரை சூடாகக் குடிக்கும்போது கவனம், உதடு சுடுவது உங்களுக்குத் தெரியாது.