வீடியோ கேமின் அடுத்த பாகம் புதியவர்களுக்கும் பழைய ரசிகர்களுக்கும் ஒருசேரப் பிடிப்பது எப்படி?

முன்பு வந்த விளையாட்டின் கதையையோ ஆடும் முறையையோ தொடர்ந்து வெளிவருவதே அடுத்த பாகம். முந்தையதை ஆடாதவருக்கு அதில் தலைகால் புரியாது. அவருக்காக எல்லாவற்றையும் நிறுத்தி விளக்கினாலோ, ஆண்டுக்கணக்காக ஆடியவர் சலித்துப்போவார். இருவருக்கும் தெரிந்தவை வேறு என்பதுதான் சிக்கலின் வேர்.

எங்கள் மட்டக்களப்புக் கூத்தைப் பாருங்கள். ராசா வருவதைக் கட்டியகாரன் அறிவிப்பான். ராசாவும் தான் யாரென்று வரவுப் பாட்டில் பாடியபடியே ஆடுவார். சிறுபிள்ளைக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும். ஆடுகளமான களரியைச் சுற்றியிருக்கும் பெரியவர்களோ அதே பாட்டில் மத்தளத்தையும் காலடியையும் ரசிப்பார்கள். அறிமுகமே ஆட்டமாகிவிடுவதால் எவரும் காத்திருப்பதில்லை.

2018இல் வந்த 'காட் ஆஃப் வார்' என்ற வீடியோ கேம் இதை அருமையாகச் செய்தது. முந்தைய பாகங்களின் கிரேக்கக் கதைகளில் நாயகனாக வந்த க்ரேட்டோஸ் இதில் நோர்ஸ் எனப்படும் பழைய வடஐரோப்பியக் கடவுளரின் நாட்டில் வாழ்கிறான். கூடவே, தந்தையின் கடந்தகாலம் அறியாத மகன். புதியவர் அந்தச் சிறுவனோடு சேர்ந்து அறிந்துகொள்கிறார். நோயுற்ற மகனைக் காப்பாற்ற, வீட்டுத் தரைக்கடியில் ஒளித்த பழைய வாள்களை க்ரேட்டோஸ் எடுக்கும் இடத்தில் புதியவர் ஒரு தந்தையின் தவிப்பைக் காண்கிறார். அந்த வாள்கள் செய்த கொடுமைகளை அறிந்த ரசிகருக்கோ நெஞ்சு பதறுகிறது. ஒரே காட்சி, ஒரு வரி விளக்கமும் தேவைப்படவில்லை. என் பார்வையில் இதுவே மிகச் சிறந்த வழி.

புதியவர்களை வரவேற்பதென்றால் விளையாட்டை எளிதாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல: இதே விளையாட்டின் மிகக் கடினமான நிலை கைதேர்ந்தவர்களையே திணறடிக்கும்.