ஒரே அடிக்கு ரெண்டு வலி ஏன்?

கேள்வி: கால் விரல கட்டில்ல இடிச்சுக்கிட்டா மொதல்ல சுரீர்னு ஒண்ணு, அது அடங்குறதுக்குள்ள எரிச்சலா இன்னொரு வலி வருதே, ஏன் சார்?

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்க! வலிக்குன்னே ரெண்டு வகை நரம்பிழை இருக்கு. ஒண்ணு மேல மையலின்னு ஒரு கொழுப்பு உறை மெலிசா சுத்தியிருக்கும், அதுல சிக்னல் செகண்டுக்கு 5லேருந்து 30 மீட்டர் வரைக்கும் ஓடும், இன்னொண்ணுக்கு உறையே கிடையாது, அது செகண்டுக்கு 1 மீட்டர் போனாலே பெரிய விஷயம். கால்லேருந்து தண்டுவடத்துக்கு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தூரம், அதான் ரெண்டாவது வலி லேட்டா வந்து சேருது. கன்னத்துல இடிச்சுக்கிட்டா தூரம் கம்மி, இந்த இடைவெளி தெரியாது (டெஸ்ட் பண்ணி பாத்துடாதீங்க).

கேள்வி: நரம்புல ஓடுறது கரண்டுன்னா அது ஏன் இவ்ளோ ஸ்லோ?

பதில்: வயர்ல போற கரண்ட் வேற, இது வேற. சும்மா இருக்குற நரம்பு செல்லுக்கு உள்பக்கம் வெளிய விட சுமார் 70 மில்லிவோல்ட் மைனஸ்ல இருக்கும், தூண்டிவிட்டா அந்த இடத்துல குட்டி கதவுங்க தெறந்து சோடியம் அயனி உள்ள பாயும், அது பக்கத்து கதவ தெறக்க வைக்கும், இப்படி க்யூவுல நிக்கிறவங்க முன்னாடி ஆள தட்டுற மாதிரி எடத்துக்கு எடம் புதுசா உண்டாகித்தான் சிக்னல் நகருது. 1850ல ஹெல்ம்ஹோல்ட்ஸ்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி தவளை நரம்புல இந்த வேகத்த அளந்து செகண்டுக்கு சுமார் 27 மீட்டர்னு சொன்னாரு, அதுக்கு முன்னாடி இத அளக்கவே முடியாதுன்னுதான் நெனச்சிட்டு இருந்தாங்க. இன்னொண்ணு, வலி ஜாஸ்தின்னா சிக்னல் பெருசாகாது, அதே சைஸ்தான், அடுக்கடுக்கா வரும். ஒரு செல் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற எடத்துல பெரும்பாலும் ஒரு பொடி இடைவெளி இருக்கும், அத தாண்ட கரண்ட் உதவாது, கெமிக்கல்தான். மரத்துப்போற ஊசி போடுறாங்களே, அது அந்த சோடியம் கதவ அடைச்சிடும், சிக்னல் கெளம்பவே கெளம்பாது.

கேள்வி: சூடு பட்டதும் யோசிக்கிறதுக்கு முன்னாடியே கை பின்னாடி வந்துடுதே, மூளைக்கு தெரியாமலா?

பதில்: தெரியும், ஆனா லேட்டா. மூளையும் தண்டுவடமும் சேந்தது மத்திய நரம்பு மண்டலம், அங்கேருந்து உடம்பு முழுக்க பிரிஞ்சு போறது, அதாவது மூளைலேருந்து 12 ஜோடி நரம்பு, தண்டுவடத்துலேருந்து 31 ஜோடி நரம்பு, புற நரம்பு மண்டலம். கை சுட்டதும் சேதி தண்டுவடத்துக்கு போகும், அங்கேயே முடிவெடுத்து தசைக்கு ஆர்டர் போயிடும், மூளைக்கு காப்பி மட்டும் அப்புறமா போகும். அதுக்காக மூளைக்கு அதிகாரமே இல்லன்னு நெனைக்காதீங்க, மேலேருந்து அந்த இழுப்ப ஓரளவு அடக்கவும் முடியும், இல்லன்னா ஊசி போடுறப்ப கைய நீட்டிட்டு உக்காந்திருப்போமா?