மூட்டையில் எத்தனை மோல்?

கேள்வி: மண் பரிசோதனையில், எங்கள் கேரட் நிலத்துக்கு 100 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் போடச் சொன்னார்கள். கிடைத்தது நீற்றுச் சுண்ணாம்பு. 74 கிலோ போதும் என்கிறாள் பிளஸ் ஒன் படிக்கும் மகள். சரியா?
– வாசகர், கேத்தி

பதில்: ரொம்பச் சரி. மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் ஐயா.

மண்ணின் அமிலத்துக்குக் கிலோ தெரியாது, துகள்களின் எண்ணிக்கைதான் கணக்கு. டஜன் மாதிரி துகள்களின் ஒரு நிலையான, மிகப் பெரிய எண்ணிக்கைக்குப் பெயர்தான் மோல். எண்ணிக்கையை எடையாக மாற்றித் தருவது அதுதான். சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அணு எடைகளைக் கூட்டுங்கள்: கால்சியம் 40, கார்பன் 12, மூன்று ஆக்சிஜன் 48. ஆக ஒரு மோல் 100 கிராம். உங்கள் 100 கிலோவில் 1000 மோல். நீற்றுச் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, மோலுக்கு 74 கிராம். மண்ணை அமிலமாக்குவது ஹைட்ரஜன் அயனி. இரண்டு சுண்ணாம்புமே மோலுக்கு இரண்டு மோல் ஹைட்ரஜன் அயனியை முறிக்கும். அதனால் 1000 மோலுக்கு 74 கிலோ. இரண்டும் சுத்தமான சரக்கு என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

ஆனால் மூட்டை எப்போது பிரித்தது? நம் ஊர் மூடுபனியில் திறந்து கிடந்தால் நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடி கார்பனேட்டாகிவிடும். ஒரு கரண்டித் தூளில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நன்றாக நுரைத்துப் பொங்கினால் பெரும்பகுதி மாறிவிட்டது, 74 போதாது.

அப்புறம், அம்மோனியம் சல்பேட்டை இதோடு சேர்த்துப் போடவே போடாதீர்கள். உரத்திலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். தூவும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.