கருப்பு முள்புழுவுக்கு மருந்து அடிக்கலாமா? மாணவர்களுக்கு நெல் வயலில் எந்தப் பூச்சியைக் காட்டுவது?

கேள்வி: திருவாரூர் பக்கம் சம்பா நட்டு 35 நாள் ஆகிறது. மேல்நிலைப் பள்ளியில் வேளாண் பிரிவு படிக்கும் பிளஸ் ஒன் மாணவர்கள் அடுத்த வாரம் என் வயலுக்கு வருகிறார்கள். பூச்சிகளின் உடலமைப்பு, வாழ்க்கைச் சுழற்சி, முக்கிய இனங்கள் மூன்றையும் காட்டச் சொல்கிறார் ஆசிரியர். இலைகளில் கருப்பாக, முள் முள்ளாக ஏதோ ஓடுகிறது. அதற்கு மருந்து அடித்துவிட்டு அவர்களை வரச் சொல்லலாமா? எதை எப்படிக் காட்டுவது?

பதில்: மருந்து அடிக்க வேண்டாம். நெல்லில் கருப்பாக முள்ளோடு தெரிபவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று பயிரைக் கெடுக்கும் முள்வண்டு, மற்றது பொறிவண்டின் புழு. தொட்டுப் பார்த்தாலே பிரித்துவிடலாம். முள்வண்டு சுமார் 5 மி.மீ. நீளம், கெட்டியான உடம்பு, நீலங்கலந்த கருப்பு, இறக்கை உறை முழுக்க முள். அது சுரண்டிய இலையில் நரம்போடு ஒட்டி வெள்ளைக் கோடுகள் ஓடும். பொறிவண்டின் புழு மென்மையானது, வால் பக்கம் குறுகியது, உடம்பில் மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் புள்ளிகள் இருக்கும், ஆறு காலையும் போட்டு வேகமாக ஓடும். அது இருக்கும் இலையில் சுரண்டிய தடமே இருக்காது. அசுவினியையும் தத்துப்பூச்சிக் குஞ்சுகளையும் தேடித் தின்பதுதான் அதன் வேலை. நீங்கள் சொல்வது ‘ஓடுகிறது’ என்பதால் பொறிவண்டுப் புழுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இலையில் வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாடத்தையும் இதிலிருந்தே தொடங்கலாம். பொறிவண்டு முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்று நான்கு நிலை மாறுகிறது. மஞ்சள் முட்டைகள் இலையில் நட்டுவைத்ததுபோல் கூட்டமாக இருக்கும். கூட்டுப்புழு இலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். சிவப்பு வண்டை நண்பன் என்று தெரிந்தவர்கள்கூட அதன் புழுவை மருந்தடித்துக் கொல்கிறார்கள். நான்கு நிலையையும் ஒரே இடத்தில் பார்த்த மாணவன் அதைச் செய்ய மாட்டான்.

உடலமைப்புக்கு வெட்டுக்கிளிதான் நல்லது, பெரியதாக இருப்பதால். முந்தின நாளே கைவலை வீசி நாலைந்து பிடித்து, மூடிய பாட்டிலில் போட்டு ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் வெளியே எடுத்து அரைமணி நேரம் விட்டால் கால்கள் இளகும். அவசரப்பட்டு உடனே பிரித்தால் ஒடிந்துவிடும். பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ் போதும். தலை, மார்பு, வயிறு. தலையில் ஒரு ஜோடி உணர்கொம்பு. மார்பில் மூன்று ஜோடிக் கால், இரண்டு ஜோடி இறக்கை. வயிற்றின் இரு பக்கமும் வரிசையாகத் தெரியும் துளைகள் வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது. குட்டைக்கொம்பு வெட்டுக்கிளியானால் வயிற்றின் முதல் வளையத்தில் வட்டமான சவ்வு தெரியும், காது அங்கேதான். பக்கத்திலேயே ஒரு சிலந்தியை வையுங்கள். எட்டுக் கால், உணர்கொம்பு கிடையாது, அதனால் அது பூச்சி இனமே இல்லை.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது வாய்க்கு. வெட்டுக்கிளியின் மேலுதட்டைக் குண்டூசியால் தூக்கினால் பக்கவாட்டில் அசையும் கடினமான இரண்டு தாடைகள் தெரியும். அடுத்து நெற்குத்தின் அடித்தூரைத் தட்டி, கீழே தண்ணீரில் விழும் புகையானை (சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி) எடுங்கள். அதற்குத் தாடையில்லை, தலைக்கடியில் கால்களுக்கு நடுவே மடங்கிய ஊசி போன்ற அலகு இருக்கும். இந்த வேறுபாடுதான் எந்த மருந்து எங்கே பலிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பி.டி. என்ற பாக்டீரியா மருந்து இலையோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால்தான் கொல்லும். இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஆகும், சாறு உறிஞ்சும் புகையானுக்கு ஆகவே ஆகாது.

புகையானுக்குக் கூட்டுப்புழு நிலை கிடையாது. முட்டையை இலையுறைக்குள் செருகிவிடும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்துப் பெரிதாகும். முழுப்பூச்சியிலும் நீள இறக்கை, குட்டை இறக்கை என இரண்டு வகை உண்டு. குட்டை இறக்கைப் பூச்சியைக் குஞ்சென்று மாணவர்கள் ஏமாறுவார்கள். முட்டை இலையுறைக்குள் மறைந்திருப்பதால் மேலே அடிக்கும் மருந்தில் தப்பிவிடும். செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்தால் சிலந்தியும் புகையானின் முட்டையைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்து, புகையான் முன்னைவிடப் பெருகும். தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு புகையான் என்பது நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். மாணவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.

இனம் பிரிக்க இறக்கையைப் பார்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. முன்னிறக்கை கெட்டியான உறையாக இருந்தால் வண்டு. விரலில் செதில் தூள் ஒட்டினால் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி. ஒரே ஜோடி இறக்கை இருந்தால் ஈ, கொசு, ஆனைக்கொம்பன் ஈ. இரண்டு ஜோடிச் சவ்வு இறக்கையும் ஒடுங்கிய இடையும் இருந்தால் பெரும்பாலும் குளவி இனம். தட்டானும் வெட்டுக்கிளியும் அவர்களுக்கே தெரியும். இலத்தீன் பெயர்களை முதல் நாள் திணிக்காதீர்கள்.

வாழ்க்கைச் சுழற்சிக்குக் குருத்துப்பூச்சியைக் காட்டுங்கள். காய்ந்த நடுக்குருத்தை இழுத்தால் கையோடு வரும். அந்தத் தூரைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்தால் வெளிர்மஞ்சள் புழு கிடைக்கும். இலை நுனிப்பக்கம் பழுப்பு மயிர் போர்த்திய முட்டைக்குவியலைத் தேடுங்கள். சதுர மீட்டருக்கு இரண்டு குவியல் இருந்தால் நடவடிக்கை தேவை. கிடைக்கும் குவியலை ஒரு விரல் நீள இலையோடு வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சோதனைக் குழாயில் போட்டு, பஞ்சால் இறுக்கி அடைத்து நிழலில் வையுங்கள். வலைத்துணி போட்டு மூடினால், குருத்துப்பூச்சியின் முட்டைக்குள் வளர்ந்து அதைக் கொன்று வெளிவரும் ஒட்டுண்ணிக் குளவி நுழைந்து போய்விடும். அதன் அளவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இலையில் ஈரம் இருந்தால் குழாய் வியர்த்து, வெளிவருவது ஒட்டிச் செத்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் சில குழாயில் புழுவும் சிலவற்றில் குளவியும் வரும். குளவி அதிகம் வந்தால் உங்கள் வயலில் இயற்கையே வேலை செய்கிறது என்று பொருள். குறைவாக வந்தால் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவியை, அது வளரும் முட்டைகள் ஒட்டிய அட்டையாக, ஹெக்டேருக்கு 5 சி.சி. விடலாம். நட்ட 30, 37-ஆம் நாட்கள் அதற்குரியவை, உங்களுக்கு இரண்டாவது தவணை நெருங்கிவிட்டது. அட்டை கட்டிய பின் பூச்சிமருந்து தெளித்தால் கட்டியது வீண்.

சேகரித்ததைப் பள்ளியில் வைக்க வேண்டுமானால் வண்டுக்கு வலது இறக்கை உறையிலும், மற்றவற்றுக்கு மார்பிலும் ஊசி குத்துங்கள். பெட்டியில் அந்துருண்டை போடுங்கள். புழுவை நேரே ஆல்கஹாலில் போட்டால் கறுத்துப்போகும். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கியெடுத்து, பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் தேதி, ஊர், பயிரின் வயது, செடியில் எந்தப் பாகத்தில் கிடைத்தது என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.