கேளுங்க, சொல்றோம்: ஆத்தங்கரையில வீட்டுமனை வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க இப்ப திருப்பூர்ல இருக்கோம், சொந்த ஊரு கும்பகோணம் பக்கத்துல ஒரு கிராமம். வீட்டுக்காரர் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகுறாரு, ஊர்லயே வீடு கட்டிட்டு வந்துடலாம்னு இருக்கோம். அரசலாத்துக் கரைய ஒட்டி 10 சென்ட் இடம் வந்திருக்கு. மாசி மாசம் போய் பாத்தோம், நல்லா காஞ்ச இடமாத்தான் இருந்துச்சு. பட்டா இருக்கு, வில்லங்கம் இல்லன்னு புரோக்கர் சொல்றாரு, சீக்கிரம் அட்வான்ஸ் போடுங்கன்னு அவசரப்படுத்துறாரு. போடலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இப்ப போடாதீங்கம்மா. ஐப்பசி, கார்த்திகை வரைக்கும் பொறுக்க முடியும்னா பொறுங்க. மேட்டூர் அணைய வழக்கமா ஜூன் 12-ல திறந்து ஜனவரி 28-ல மூடிடுவாங்க, மாசியில ஆத்துலயே தண்ணி இருக்காது, அப்ப டெல்டாவுல எந்த இடத்த காட்டினாலும் காஞ்ச இடமாத்தான் தெரியும். விக்கிறவங்க அந்த மாசத்துலதான் கூட்டிட்டுப் போய் காட்டுவாங்க. நாலு நாள் விடாம மழை பேஞ்சதுக்கு மறுநாள் போய் அதே இடத்துல நில்லுங்க, அப்பதான் அந்த மண்ணோட உண்மை தெரியும்.

ஆத்துல வெள்ளம் வந்துடுமோன்னுதான் எல்லாரும் பயப்படுறாங்க, ஆனா அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு மாதிரி உள்டெல்டா ஆறுகள்ல எனக்கு அது ரெண்டாவது கவலைதான். கர்நாடகாவுல பேஞ்சு மேட்டூர் நிரம்பி வழியிற தண்ணியில பெரும்பகுதிய முக்கொம்புலயும் கல்லணையிலயும் கொள்ளிடத்துக்கு திருப்பி விட்டுடுவாங்க, மத்த ஆறுகளுக்கு அளந்துதான் விடுவாங்க. நம்ம ஊர்ல வீட்டுக்குள்ள தண்ணி வர்றது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில, அதுவும் கரை உடைஞ்சு வர்றதவிட வயல்ல விழுந்த மழை வடிய வழியில்லாம நின்னு ஏறி வர்றதுதான் அதிகம். அதனால ஆறு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கேக்குறத விட்டுட்டு, இந்த மனையில விழுற தண்ணி எந்த வடிகால்ல போய் சேருது, அந்த வடிகால் கடைசி வரைக்கும் தூர்வாரி இருக்கா, நடுவுல யாராவது மூடி ரோடு போட்டுட்டாங்களான்னு கேளுங்க. முடிஞ்சா அந்த வடிகால் கூடவே ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்க. பாசன வாய்க்காலக் காட்டி "இதோ வாய்க்கால் இருக்கே"ன்னு சொல்லுவாங்க, அது தண்ணி உள்ள வர்ற வழி, வெளிய போற வழி கிடையாது.

இன்னொன்னு, டெல்டாவுல ஆறு நிறைய இடத்துல வயல விட மேட்டுலதான் ஓடும், அப்படி ஓடினாத்தான் மதகு திறந்தா தண்ணி தானா வயலுக்கு இறங்கும். விவசாயத்துக்கு அது வரம், வீட்டுக்கு தொந்தரவு. ஆத்துல தண்ணி நிறைய ஓடுற மாசங்கள்ல கரைக்கு அடியில ஊறல் எடுக்கும், கரைய ஒட்டின வீட்டுல தரை சில்லுன்னு ஈரமாவே இருக்கும், செவுத்துல உப்பு பூத்து பெயிண்ட் உரிஞ்சு விழும். ஒரு சர்வேயர வெச்சு லெவல் எடுத்துடுங்க. கரை மேல்மட்டம், ஆத்துப் படுகை, பக்கத்து ரோடு, வயல், உங்க மனை, இந்த அஞ்சும் எந்தெந்த உயரத்துல இருக்குன்னு ஒரே தாள்ல எழுதி வாங்கினா பாதி முடிவு அதுலயே வந்துடும்.

மழைக்காலம் வரைக்கும் பொறுக்க முடியலன்னா காஞ்ச மண்ணையே கொஞ்சம் உத்துப் பாருங்க. மனையிலயோ பக்கத்துலயோ கோரை மண்டிக் கிடக்கா, சம்பு நிக்குதா, நெய்வேலி காட்டாமணக்கு ஊதா பூ பூத்து செழிப்பா நிக்குதா, அப்படின்னா அங்க வருஷத்துல பல மாசம் தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். பக்கத்துல இருக்குற பழைய ஓட்டு வீட்டு செவுத்த பாருங்க. தரையிலேர்ந்து முழங்கால் உயரத்துல குறுக்க ஒரு பழுப்புக் கோடு ஓடும், அதுக்குக் கீழ சுண்ணாம்பு பொரிஞ்சிருக்கும், மேல நல்லா இருக்கும், புதுசா வெள்ளையடிச்சிருந்தாலும் கையால தடவினா அந்த இடம் சொரசொரன்னு தெரியும், தண்ணி நின்ன மட்டம் அதுதான். அந்தத் தெருவுல பழைய வீடுகளுக்கெல்லாம் திண்ணைக்கு அஞ்சாறு படி ஏறணும்னா அந்தக் காலத்து ஆளுங்க காரணமில்லாம படி கட்டல. அப்புறம் ஆடு மாடு மேய்க்கிறவங்க யாராவது இருந்தா கேளுங்க, புரோக்கர் பக்கத்துல இல்லாதப்ப கேளுங்க.

தாழ்வா இருந்தா மண்ணடிச்சு மேடாக்கிக்கலாம்னு சொல்லுவாங்க. ஆக்கலாம்தான், ஆனா உங்க மனைய நாலு அடி தூக்கினா அங்க நின்ன தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போகும், அந்த வீட்டுக்காரங்களோடதான் நீங்க மிச்ச காலம் முழுக்க வாழப்போறீங்க. அடிக்கிறதுக்கு முன்னாடியே ஓரத்துல தண்ணி போக வழி விட்டு அவங்ககிட்ட பேசிடுங்க. அடிச்ச மண்ணு ஒரு மழைக்காலம் நனைஞ்சு அமுங்கினதுக்கு அப்புறம்தான் வேலைய ஆரம்பிக்கணும், அதுலயும் அஸ்திவாரம் அடிச்ச மண்ணு மேல நிக்கக்கூடாது, கீழ இருக்குற பழைய மண்ணுக்குப் போகணும். நம்ம பக்கத்து களிமண் மழையில ஊதி வெயில்ல சுருங்கும், சித்திரையில வயல்ல கை நுழையிற அளவுக்கு வெடிப்பு விடுதே அதே மண்ணுதான் உங்க வீட்டுக்கு அடியிலயும் இருக்கும். மேஸ்திரி "எல்லாருக்கும் அஞ்சு அடிதான் போட்டேன்"னு சொல்றத நம்பாம மண் பரிசோதனை பண்ணிட்டு, அண்டர் ரீம் பைல் (அடியில அகலமா விரிஞ்சு மண்ணுக்குள்ள இறங்குற கான்கிரீட் தூண்) போடணுமா சாதா அஸ்திவாரம் போதுமான்னு இன்ஜினியர முடிவு பண்ணச் சொல்லுங்க. செப்டிக் டேங்கையும் மறந்துடாதீங்க, நிலத்தடி நீர் மேல ஏறுற மாசத்துல டேங்க் தண்ணி வெளிய போகாம பாத்ரூம்ல எதிர்த்துக்கிட்டு வரும், அதனால அத உயர்த்திக் கட்டணும், கைபம்புக்கும் போருக்கும் தள்ளி இருக்கணும்.

இப்ப பத்திரம். பட்டா இருக்குங்கறது மட்டும் போதாது. எஃப்எம்பி வரைபடத்த, அதாவது சர்வே நம்பரோட எல்லையும் அளவும் போட்ட புல வரைபடத்த வாங்கி சர்வேயரோட போய் கல்ல பாருங்க, ஆத்தங்கரைய ஒட்டின இடத்துல வேலிக்குள்ள காட்டுற இடத்துல ஒரு பகுதி ஆத்துப் புறம்போக்கா இருக்குறது ரொம்ப சகஜம், 10 சென்ட்னு காசு குடுத்துட்டு 7 சென்ட்தான் உங்களுதுன்னு அப்புறம் தெரிஞ்சா என்ன பண்றது. அதே மாதிரி பாதை. கரை மேல வண்டி போகுது, கரண்ட் கம்பம் கூட இருக்கும், ஆனா கரை நீர்வளத்துறையோடது, அது ரோடுன்னு கணக்குல இருக்கான்னு பாக்கணும். வாய்க்காலத் தாண்டித்தான் மனைக்குப் போகணும்னா பாலம் போடவும் அவங்க அனுமதி வேணும்.

அ-பதிவேட்டுல, அதாவது கிராமத்து நில விவரமெல்லாம் இருக்குற வருவாய்த்துறை பதிவேட்டுல, அந்த சர்வே நம்பர் பழைய காலத்துல யார் பேர்ல இருந்துச்சுன்னு கட்டாயம் பாருங்க. நம்ம ஜில்லாவுல கோயில், மடத்து நிலம் அவ்வளவு இருக்கு. அறநிலையத்துறை கமிஷனர் அனுமதி இல்லாம வித்த கோயில் நிலம் எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது. குத்தகைதாரர் பதிவு இருக்கான்னு தாசில்தார் ஆபீஸ்ல கேளுங்க. நஞ்சைன்னு இருந்தா வீட்டுமனையா மாத்த தனி அனுமதி வேணும். மனையா பிரிச்ச இடம்னா டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கணும், இல்லன்னா 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடியே மனையா பத்திரம் பதிவாகி, வரன்முறையும் (அப்ரூவல் இல்லாத மனைய அரசாங்கத்துல முறைப்படுத்துறது) பண்ணியிருக்கணும். இதெல்லாம் ஒரு வக்கீல்கிட்ட குடுத்து ஒப்பீனியன் வாங்குற செலவு, மனை விலையில ஒரு ஓரம் கூட இருக்காது.

கேள்வி: டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிச்சுட்டதால இனிமே இங்க வீடே கட்ட முடியாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: இல்லைங்க. 2020-ல வந்த அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுக்குறது, செம்பு, அலுமினிய உருக்காலை, ஸ்பாஞ்ச் அயர்ன், தோல் பதனிடும் ஆலை மாதிரி தொழில்களுக்கு புதுசா இடம் குடுக்கக்கூடாதுன்னுதான் சொல்லுது. வீட்டுக்கு தடை இல்ல. நஞ்சைய மாத்துறதுக்கான அனுமதி வேற விஷயம், அத மேல சொல்லிட்டேன்.

கேள்வி: அண்ணே, சீர்காழி பக்கம் கொள்ளிடக் கரைக்கு உள்பக்கம் பட்டா படுகை 1 ஏக்கர் ரொம்ப கம்மி விலைக்கு வருது. சின்னதா ஒரு பண்ணை வீடு கட்டலாமா?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: வேணாம் தம்பி. கரைக்கு உள்பக்கம்னா அது ஆத்தோட இடம், பட்டா உங்க பேர்ல இருந்தாலும் வெள்ளம் அத பாக்காது. மேல சொன்னேன்ல, மிச்ச ஆறுகள காப்பாத்த கொள்ளிடத்துக்குத்தான் உபரித் தண்ணியில பெரும்பகுதிய திருப்புறாங்க. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்புல கொள்ளிடத்து மேலணையில 9 ஷட்டர தண்ணி அடிச்சுட்டுப் போச்சு, அதே மாசம் திருச்சியில பழைய கொள்ளிடம் பாலமும் உடைஞ்சுது, அவ்வளவு வேகம் அந்தத் தண்ணிக்கு. 2022-ல உங்க பக்கத்துலயே நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் கிராமங்கள தண்ணி சூழ்ந்து ஜனங்க வீட்ட விட்டு வெளியேறினத நீங்களே பாத்திருப்பீங்க, தலைமுறையா அங்க இருக்குறவங்களுக்கே அந்த நிலைமை. அந்த 1 ஏக்கர் மேல ஆசை இருந்தா வாழை போடுங்க, காய்கறி போடுங்க, அதுவும் ஆடியில வெள்ளம் வந்தா போனது போனதுதான்னு தெரிஞ்சு போடுங்க. குழந்தை குட்டியோட ராத்திரி தூங்குறதுக்கு கரைக்கு வெளிப்பக்கம், ஊருக்குள்ள 4 சென்ட் பாருங்க.