டிரசர் ஐயா பதில்கள்: பொடி, கெத்தும், மார்ஃபின்

மலேசியாவுல தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரசரா (மருத்துவ உதவியாளரா) இருந்த எனக்கு இந்த மாசம் வந்த கடுதாசியில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், போதை: பொடிங்கிற ஹெராயின், கெத்தும்ங்கிற கிராடம் இலை, மார்ஃபின் ஜாதி மருந்து. அதனால முட்டி வலி, சர்க்கரை, தலைசுத்தல் எல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

*கேள்வி: டிரசர் ஐயா, என் மகனுக்கு 27 வயசு, லோரியில அட்டெண்டன். பொடி பழக்கம். பூசாட்ல (போதை மறுவாழ்வு மையத்துல) போட்டு ரொம்ப நாள் கழிச்சு போன வாரம்தான் வீட்டுக்கு வந்தான், உடம்பு தேறி ஆளே மாறிட்டான். அவங்கப்பா, "நான் 30 வருஷ சிகரெட்டை ஒரே நாள்ல விட்டேன், இவனுக்கு மட்டும் என்ன, எல்லாம் திமிரு"ங்கிறாரு. உண்மையிலேயே திமிருதானா? இனிமே பயமில்லதானே? (பெயர் வேண்டாம், பாடாங் செராய்)*

அம்மா, கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடுறேன். பயம் இருக்கு, இப்பதான் ரொம்ப இருக்கு. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், அவரையும் பக்கத்துல ஒக்கார வெச்சுப் படிங்க.

நம்ம உடம்பு சொந்தமாவே ஒரு வலி மருந்து தயார் பண்ணுது, எண்டார்ஃபின்னு பேரு. அது போய் ஒட்டிக்கிற இடம் மூளையில இருக்கு, முதுகுத்தண்டுல இருக்கு, குடல்லயும் இருக்கு, 1973லதான் அந்த இடத்தையே கண்டுபிடிச்சாங்க. கசகசாச் செடியோட காயைக் கீறுனா வர்ற பால்தான் அபின், அதுல இருந்து பிரிச்செடுக்கிறது மார்ஃபின், மார்ஃபினைக் கொஞ்சம் மாத்திச் செஞ்சா ஹெராயின், நம்ம பசங்க சொல்ற பொடி. எல்லாமே போய் ஒட்டுறது அதே இடத்துலதான், ஆனா உடம்பு தானா குடுக்கிற அளவை விட பல மடங்கு பலமா. அதுலயும் ஹெராயின் மார்ஃபினை விட சீக்கிரமா மூளைக்குள்ள நுழைஞ்சிடும், நுழைஞ்ச பிறகு மறுபடி மார்ஃபினாவே மாறிடும். எது சட்டுனு ஏறுதோ அதுதான் கெட்டியா புடிச்சுக்கும், இந்த விஷயத்துல வேகம்தான் எல்லாம். (1898ல ஜெர்மனியில பாயர் கம்பெனி இதை இருமல் மருந்துன்னு கடையில வித்துச்சு, நம்புவீங்களா?)

அங்க ஒட்டுனதும் டோபமின்னு ஒரு ரசாயனம் கொட்டும். சோறு தின்னா, பிள்ளையைக் கொஞ்சுனா, பந்து விளையாடி ஜெயிச்சா வர்றதும் அதே டோபமின்தான், "இது நல்லது, திரும்பச் செய்"னு மூளைக்கு எழுதி வைக்கிறது அதோட வேலை. பொடி அடிச்சவன் மூளையில அந்த எழுத்து அழியாத மாதிரி ஆழமா விழுந்துடுது. பால் மரம் (ரப்பர்) வெட்டுனவங்களுக்கு இது நல்லா புரியும். பால் கூட வரணும்னு பட்டையில மருந்து பூசுவோம், மொதல்ல பால் புடிக்கிற மங்கு ரொம்பி வழியும், கிராணிக்கும் சந்தோஷம் மேனேஜருக்கும் சந்தோஷம், அளவு மீறி பூசிக்கிட்டே இருந்தா பட்டை வறண்டு போயி கத்தி வெச்சாலும் சொட்டு பால் வராது. இவன் மூளையும் அப்படித்தான் வறண்டுடுது, அம்மா சமைச்ச மீன் கறியும் ருசிக்காது, தங்கச்சி கல்யாணமும் சந்தோஷம் தராது, பொடி ஒண்ணுதான் அசைக்கும், அதுவும் நேத்து அடிச்ச அளவு இன்னைக்குப் பத்தாது.

இப்ப அப்பாவோட சிகரெட்டுக்கு வரேன். அண்ணே, நீங்க விட்டது சாதாரணமில்ல, நானே கும்பிடுறேன். ஆனா பொடியை நிறுத்துனா உடம்பு என்ன பண்ணும்னு தோட்டத்து ஆஸ்பத்திரியில நான் கிட்ட இருந்து பாத்திருக்கேன். கடைசியா அடிச்சு அரை நாள் கூட ஆகியிருக்காது, மொதல்ல கொட்டாவி, சும்மா வாய் கிழியற மாதிரி கொட்டாவி, அப்புறம் மூக்கு ஒழுகும், கண்ணுல தண்ணி. நடு மத்தியானம், தகரக் கூரை கொதிக்குது, இவன் ரெண்டு போர்வை போத்திக்கிட்டு நடுங்குவான், கையைப் பாத்தா கோழித்தோல் மாதிரி மயிர் குத்திட்டு நிக்கும். எலும்புக்குள்ள யாரோ திருகுறாங்கன்னு காலை உதைச்சுக்கிட்டே இருப்பான், வாந்தி, வயித்தால, தூக்கம் சுத்தமா கிடையாது. ரெண்டாவது மூணாவது நாள்தான் உச்சம், ஒரு வாரத்துல அடங்கும். காரணம் என்னன்னா, மருந்து இத்தனை நாளா உடம்பை அமுக்கி வெச்சுக்கிட்டே இருந்துச்சு, மூளை அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளிப் பழகிடுச்சு, திடீர்னு மருந்து இல்லன்னதும் தள்ளுன வேகத்துல எல்லாம் மேல எகிறுது. இதுதான் கியான், போதை கேட்டு உடம்பும் மனசும் அலையற நெலமை. இந்த நெலமைக்கு வந்தவன் சொகத்துக்காக அடிக்கிறதில்ல, காலையில எழுந்து நிக்கவே அவனுக்கு அது வேணும். மொத தடவை தொட்டது அவன் தப்பு, அதை நான் மறைக்கல. அதுக்குப் பிறகு நடக்கிறதை திமிருன்னு சொல்ல என்னால முடியல.

சரி, அந்த ஒரு வாரம் தாண்டி, பூசாட்லயும் இருந்து சுத்தமா வந்துட்டானே, அப்புறம் என்ன பயம்? இங்கதான் நம்ம ஆளுங்க நெறைய பேர் பிள்ளையைப் பறிகொடுக்கிறாங்க, நல்லா கேட்டுக்குங்க.

நாம தூங்கும்போது கூட மூச்சு விடுறோமே, அது மூளையோட அடித்தண்டு பாத்துக்கிற வேலை. ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுனா அது "மூச்சு இழு"ன்னு ஆர்டர் போடும். அபின் ஜாதி மருந்து எல்லாமே அந்த ஆர்டரை அமுக்கிடும், அளவு கூடுனா ஆர்டரே வராது, ஆள் கஷ்டப்படாம, முழிக்காம, மூச்சை மறந்து போயிடுவான். தொடர்ந்து அடிக்கிறவனுக்கு இதைத் தாங்குற சக்தி ஓரளவு ஏறியிருக்கும், அதுவும் போதைக்குப் பழகுற அளவுக்கு மூச்சு பழகுறதில்ல, அதனாலதான் பழைய ஆளுங்களும் சாகுறாங்க. பல மாசம் தொடாம இருந்தவனுக்கு அந்த தாங்குற சக்தி இறங்கிப் போயிருக்கும். ஆனா ஆசை இறங்கியிருக்காது, பழைய கூட்டாளியோட மோட்டோ சத்தம் கேட்டா போதும், கோயில் பின்னாடி அந்த எடத்தைப் பாத்தா போதும், கியான் வந்துடும். ஒரு தடவைதானேன்னு பழைய அளவையே அடிப்பான், அன்னைக்கு அது அவனுக்கு விஷம். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஜெயில்ல இருந்து வெளிய வந்தவங்களைப் பத்தி 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, மொத ரெண்டு வாரத்துல அளவு மீறி போதை எடுத்துச் சாகுற அபாயம் மத்த ஜனங்களை விட 129 மடங்கு. உங்க மகன் வந்து ஒரு வாரம்தான் ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க, அதான் சொல்றேன்.

அதனால இந்த வாரமே கவர்மெண்டு கிளினிக்ல மெத்தடோன் (பொடிக்குப் பதிலா குடுக்கிற மாத்து மருந்து) பத்திக் கேளுங்க, இல்ல ஏஏடிகே (தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) ஆபீஸ்ல கேட்டா தானா போய்ச் சேர்ற கியூர் அண்ட் கேர் கிளினிக் எங்க இருக்குன்னு சொல்லுவாங்க, 2010ல இருந்து நடக்குது. மகன்கிட்ட நேரா பேசுங்க, "தொடாதே, அப்படியே கால் வழுக்குனாலும் பழைய அளவு இப்ப உன்னைக் கொன்னுடும், தனியா கதவைச் சாத்திக்கிட்டு செய்யாதே, பீர் தூக்க மாத்திரை கூட சேக்காதே"ன்னு சொல்லுங்க. இதைச் சொன்னா நாமளே எடுத்துக் குடுக்கிற மாதிரின்னு ஏசுவாங்க, ஏசட்டும். அவங்க பிள்ளை இல்ல.

ராத்திரி அவன் ரூம்ல இருந்து குறட்டை வித்தியாசமா, தொண்டையில தண்ணி கொழகொழன்னு இருக்கிற மாதிரி கேட்டா "நல்லா தூங்குறான்"னு விட்டுடாதீங்க. லைட்டைப் போட்டுப் பாருங்க, ஒதடு நகம் நீலமா இருக்கா, கண்ணுமணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கா, தட்டி எழுப்புனா எழுந்திருக்கலையா, ஒடனே 999. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் மூச்சு இருந்தா ஒருபக்கமா சாய்ச்சுப் படுக்க வைங்க, மூச்சு இல்லன்னா மூக்கைப் பொத்தி வாயில ஊதுங்க, அடுத்து என்ன செய்யணும்னு போன்லயே சொல்லுவாங்க. எளநீ, புளித்தண்ணி, பால் எதையும் வாயில ஊத்தாதீங்க, நொரையீரலுக்குப் போயிடும். ஆஸ்பத்திரியில நலோக்சோன்னு ஊசி போடுவாங்க, சில நிமிஷத்துலயே கண்ணு முழிப்பான், பாத்தா அதிசயமா இருக்கும். ஆனா பொடியோட வேகத்துக்கு முன்னாடியே அந்த ஊசி வேகம் அடங்கிடலாம், மறுபடி மூச்சு குறையும், அதனால "நான் நல்லா இருக்கேன், வீட்டுக்குப் போறேன்"னு அடம் புடிச்சா விடாதீங்க. போலீஸ் வருமேன்னு போன் போட யோசிக்கிறவங்களை நான் பாத்திருக்கேன். கேஸ் வந்தா வக்கீல் வெச்சுப் பாத்துக்கலாம், உயிருக்கு அப்படி யாரும் இல்ல.

*கேள்வி: மெத்தடோனும் போதைதானே ஐயா? ஒண்ணை விட்டு இன்னொண்ணைப் புடிக்கிறதுல என்ன லாபம்? (ரா.மு., கூலிம்)*

அதே ஜாதி மருந்துதான், மறுக்கல. ஆனா மெதுவா ஏறி ஒரு நாள் முழுக்க நிக்கும், கியான் இருக்காது, தூக்கி அடிக்கிற போதையும் இருக்காது, ஊசியும் இல்ல. காலையில கிளினிக்ல பார்மசிக்காரர் முன்னாடி குடிச்சிட்டு, பசியாறிட்டு வேலைக்குப் போற ஆளுங்க இருக்காங்க. நம்ம நாட்டுல 2005ல ஆரம்பிச்சாங்க, அப்ப ஊசி மாத்தி மாத்திப் போட்டு எச்ஐவி பரவிக்கிட்டு இருந்த நேரம். திருடாம, வீட்டுல சண்டையில்லாம, சம்பளம் கொண்டு வர்றானா இல்லையா, அதை வெச்சுக் கணக்குப் பாருங்க. வீட்டுக்குக் குடுத்து விடுற பாட்டிலை மட்டும் பூட்டி வைங்க, பழக்கமில்லாத பிள்ளை கொஞ்சம் குடிச்சாலும் உயிருக்கு ஆபத்து.

*கேள்வி: டிரசரே, கெத்தும் வெறும் இலைதானே? எங்க தாத்தா மென்னுக்கிட்டே 80 வயசு வரைக்கும் வேலை பாத்தாரு. தாய்லாந்துலயே விட்டுட்டாங்க, இங்க மட்டும் ஏன் புடிக்கிறாங்க? (கு.ச., சுங்கை பட்டாணி)*

தம்பி, கசகசாவும் செடிதான். கெத்தும் காப்பிக் குடும்பத்து மரம், அதுல இருக்கிற மித்ராஜினின் நான் மேல சொன்ன அதே எடத்துலதான் போய் ஒட்டுது, அரைகுறையா ஒட்டுது, அதனால மூச்சை நிறுத்துற வேலையில ஹெராயின் அளவுக்கு இல்ல, அதை ஒத்துக்கிறேன். கொஞ்சமா எடுத்தா சுறுசுறுப்பு, கூட எடுத்தா மயக்கம். உங்க தாத்தா வெயில்ல வேலை பாக்க நாலு இலை மென்னாரு. நீங்க குடிக்கிறது சட்டி நெறைய கொதிக்க வெச்ச தண்ணி, அதுல இருமல் மருந்து, கோலா, இன்னும் யாரு என்னத்தைக் கலந்தாங்கன்னு கலக்குனவனுக்கே தெரியாது. அந்த இருமல் மருந்துல கோடீன் இருந்தா அது கல்லீரல்ல மார்ஃபினா மாறுது, சில பேருக்குப் பிறவியிலேயே ரொம்ப வேகமா மாறும், யாருக்குன்னு மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியாது. தெனமும் குடிச்சு பழகுனவன் ஒரு நாள் விட்டா மூக்கு ஒழுகல், மேல் வலி, தூக்கமின்மை எல்லாம் வரும், உங்களுக்கு வந்திருக்கும், என்கிட்ட சொல்லல அவ்வளவுதான்.

தாய்லாந்துல 2021ல விட்டாங்க, உண்மை. இங்க 1952 பாய்சன்ஸ் ஆக்ட்ல இருக்கு, மாட்டுனா 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம், இல்ல நாலு வருஷம் வரைக்கும் உள்ள. தாத்தா கதையை மாஜிஸ்திரேட் கேட்க மாட்டாரு.

*கேள்வி: அம்மாவுக்கு கேன்சர், எலும்புக்குப் பரவிடுச்சு. ஆஸ்பத்திரியில மார்ஃபின் தண்ணி மருந்து குடுத்தாங்க. சொந்தக்காரங்க "அது டாடா (போதைப்பொருள்), குடுத்தா பைத்தியமாயிடுவாங்க"ன்னு மெரட்டுறாங்க. பாட்டிலைத் தொறக்கவே பயமா இருக்கு. (ஒரு மகள், கூலிம்)*

குடுங்கம்மா, இன்னைக்கே குடுங்க. இவ்வளவு நேரம் பயமுறுத்திட்டு இதைச் சொல்றேனேன்னு பாக்காதீங்க. வலிக்கு, டாக்டர் சொன்ன அளவுல, சொன்ன நேரத்துல குடுக்கிற மார்ஃபின் வேற. உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல வெச்சிருக்கிற மருந்து அது. உங்கம்மா கூட்டாளி தேடிப் போகப் போறதில்ல, ஒரு ராத்திரி முனகாம தூங்கணும், அவ்வளவுதான். வலி வந்த பிறகு குடுக்கிறதை விட, எழுதிக் குடுத்த மணிக்கு மணி குடுத்தா குறைஞ்ச அளவுலயே அடங்கும். மொத ரெண்டு மூணு நாள் தூக்கமா இருப்பாங்க, பழகிடும். மலச்சிக்கல் மட்டும் பழகவே பழகாது, குடல்லயும் அந்த ஒட்டுற எடம் இருக்குன்னு சொன்னேன் பாருங்க, அதனால பேதி மருந்தும் சேத்து கேட்டு வாங்குங்க. எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு ரொம்ப மெதுவா இருந்தா அடுத்த வேளை குடுக்காம ஒடனே 999க்கு அடிங்க. கிட்னி கோளாறு இருந்தா டாக்டர்கிட்ட ஞாபகப்படுத்துங்க. சொந்தக்காரங்க வந்தா காப்பி குடுத்து அனுப்பிடுங்க.

*கேள்வி: அமெரிக்காவுல ஃபெண்டனில்னு சாகுறாங்களே, அவ்வளவு பணக்கார நாட்டுல எப்படி? (மாணவி, பாடாங் செராய்)*

மாத்திரையில ஆரம்பிச்சது மா. 1996ல பர்டூ ஃபார்மா கம்பெனி ஆக்ஸிகோன்டின்னு வலி மாத்திரையை எறக்கி, பழக்கமாகுற பயம் குறைவுன்னு டாக்டர்மாருக்குச் சொல்லி வித்துச்சு, அப்படித் தப்பா சொன்னதுக்கு 2007ல கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிட்டாங்க, 2020ல மறுபடியும் வேற குத்தச்சாட்டுல ஒத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள பழகுனவங்க மாத்திரை கிடைக்காம ஹெராயினுக்குப் போனாங்க, அப்புறம் ஃபெண்டனில் வந்துடுச்சு. அது மார்ஃபினை விட 50ல இருந்து 100 மடங்கு பலம், ஆப்பரேஷன் தியேட்டர்ல மைக்ரோகிராம் கணக்குல குடுக்கிற நல்ல மருந்து. கள்ளத்தனமா கலக்குறவன்கிட்ட அந்தத் தராசு ஏது, ஒரு மாத்திரையில ஒண்ணுமே இருக்காது, அடுத்ததுல சாவு இருக்கும். 2021, 2022, 2023 மூணு வருஷமும் அங்க போதை அளவு மீறி வருஷத்துக்கு 1 லட்சம் பேருக்கு மேல போயிட்டாங்க, அதுல முக்காவாசிக்குக் கிட்ட ஃபெண்டனில் மாதிரி லேப்ல செஞ்ச சரக்கு.

*கேள்வி: செம்பனை (பாமாயில்) குலை தூக்கி இடுப்பு போச்சு. டிரமடோல் வலி மாத்திரை ஒரு வருஷமா சாப்பிடறேன். இப்ப இதையெல்லாம் கேள்விப்பட்டு நாளைக்கே நிறுத்திடலாம்னு இருக்கேன். (த.வே., கூலிம்)*

நாளைக்கே நிறுத்தாதீங்க, அதுவும் அபின் ஜாதி மருந்துதான், மேல எழுதுன கொட்டாவி, நடுக்கம், வயித்தால எல்லாம் உங்களுக்கும் வரும். டாக்டரைப் பாத்து படிப்படியா குறைங்க. வலி தாங்கலன்னு, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல போடாதீங்க, டிரமடோல் கூடுனா வலிப்பு வரும், மனசுக்கு ஏதும் மாத்திரை சாப்பிடறீங்கன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ரெண்டும் மோதும். சம்சு (சாராயம்) குடிக்கிற அன்னைக்கு மாத்திரை கிட்டயே போகாதீங்க. மிச்சம் இருக்கிற மாத்திரையை பக்கத்து லயத்து அக்காவுக்கும் இடுப்பு வலின்னு குடுத்துடாதீங்க, கவர்மெண்டு கிளினிக் பார்மசியில குடுத்தா வாங்கிக்குவாங்க.