இலங்கைக் கறுவாப்பட்டைக்குப் புவிசார் குறியீடு எதற்கு?

ஒரு பொருளின் குணம் அது விளையும் மண்ணையும் செய்யும் கையையும் பொறுத்தது என்றால், அந்த ஊர்ப் பெயரை அங்குள்ளவர்களுக்கு மட்டும் சட்டம் காத்துத் தருவதே புவிசார் குறியீடு. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி: ஊரார் எல்லோரும் இறைக்கலாம், யாரும் தனக்கென்று விற்க முடியாது.

கேரளத்தில், வெல்லத்துக்குப் பேர்போன எங்கள் மறையூரில் இதன் அருமை தெரியும். வெளியூர் வெல்லம் மறையூர் உருண்டையாக விலைபோனால், கரும்பாலையில் பாகு காய்ச்சி, சூடு ஆறுமுன் கையால் உருட்டுபவருக்குத்தான் நஷ்டம். 2019இல் மறையூர் வெல்லத்துக்குக் குறியீடு கிடைத்தது. இலங்கையின் கவலையும் இதேதான். மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டும் அதன் கறுவா, காசியா என்னும் தடித்த, மலிவான வேறு வகைப் பட்டையோடு விலையில் மோத முடியாது; பெயர்தான் பலம். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' பெயரைப் பதிவுசெய்தது.

ஓரிடத்தில் பதிந்தால் உலகெங்கும் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பாதுகாப்பு அந்தந்த நாட்டுச் சட்டப்படியோ ஒப்பந்தப்படியோதான் கிடைக்கும்.